அபேனா போகவில்லை

காலையில் எழும்பும்போதே அபேனாவுக்குத் தலை பிளந்தது. வீங்கிய கால்கள் எந்தச் செருப்புக்குள்ளும் நுழையவில்லை. கண்முன்னே பூச்சி பறந்தது. வயிற்றில் ஏழு மாதம். வலது விலாவுக்குக் கீழே யாரோ முழங்கையால் இடிப்பதுபோல் ஒரு நோவு.

"முதல் மூண்டு மாசம்தான் கவனம். நீ பலமான பொம்பிளை, பிள்ளை. ஒண்டும் ஆகாது" என்றாள் மாமியார் சந்திரகாந்தி, தேத்தண்ணியை நீட்டியபடி.

பலம்! அந்தச் சொல்லைக் கேட்டாலே அபேனாவுக்குப் பற்றிக்கொண்டு வரும். கறுப்பி எதையும் தாங்குவாள் என்றுதான் எல்லோருக்கும் நினைப்பு. கானாவிலிருந்து வந்த தாய் தகப்பனுக்கு ஜெர்மனியின் கொலோனில் பிறந்தவள் அவள். அந்த ஊரிலேயே டிராம் ஓட்டுகிறாள். ஆனாலும், "உங்கள் ஜெர்மன் அருமையாக இருக்கிறதே" என்று வியக்கிறவர்கள் ஓயவில்லை. போனில் காலியாக இருந்த வாடகை வீடு, அவள் முகத்தைக் கண்டதும் நேற்றே போய்விட்டதாகிவிடும். ஒருத்தன் டிராம் கண்ணாடியில் காறித் துப்பியபோது, மனதில் வைத்துக்கொள்ளாதே என்றார் மேலதிகாரி. அவள் வைத்துக்கொள்ளவில்லை. உடம்பு வைத்துக்கொண்டது. முப்பது வயதிலேயே பிரஷர் மாத்திரை.

கணவன் யூட்சன் அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். இளவயது டாக்டர் அவளைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

"கடைசி மாதங்களில் எல்லோருக்கும் இப்படித்தான். ஸ்ட்ரெஸ். வீட்டுக்குப் போய்ப் படுங்கள்."

திரைக்கு அந்தப் பக்கம் போய் அவர் தாதியிடம் சொன்னது தெளிவாகக் கேட்டது. "இவர்களுக்கு எப்போதும் எல்லாம் கொஞ்சம் கூடத்தான் நோகும்."

முதல் பிள்ளையின்போதும் இதே மாதிரி ஒரு அறை, இதே மாதிரி ஒரு பதில். கறுப்பி குரலை உயர்த்தினால் மிரட்டுகிறாள் என்பார்கள் என்று, அன்று அவள் சிரித்து நன்றி சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனாள். பிள்ளை வயிற்றுக்குள்ளேயே இறந்தது.

"வாரும், போவம்" என்றான் யூட்சன் மெதுவாக. "வேற டாக்டரிட்ட டெர்மின் எடுத்துக் காட்டுவம். சண்டை வேண்டாம்."

"ஏலாது" என்றாள் அபேனா, அவன் வீட்டில் பழகிய தமிழில்.

எழுந்து போய் வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள்.

"என் பிரஷரை அளக்காமல் நான் இங்கிருந்து போகமாட்டேன்."

"சத்தம் போடாதீர்கள்" என்றார் டாக்டர். "காவலாளியைக் கூப்பிட வேண்டிவரும்."

"கூப்பிடுங்கள்! வரும்போது மெஷினையும் கொண்டுவரச் சொல்லுங்கள்!"

நடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். இத்தனை வருடம் விழுங்கியதெல்லாம் தொண்டைக்கு வந்திருந்தது. காவலாளி உண்மையாகவே வந்தான். அவளுடைய வயிற்றைப் பார்த்துவிட்டு, கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றான். அதற்குள் சத்தம் கேட்டு வந்த ஒரு மருத்துவச்சி, யாரையும் கேட்காமல் அபேனாவின் கையில் பிரஷர் பட்டியைச் சுற்றினாள். இலக்கத்தைக் கண்டதும் அவள் முகம் மாறியது. மறுபடி அளந்தாள்.

"பிரஷர் எகிறிக் கிடக்கிறது. ஆபரேஷன் அறை. உடனே!"

அதன் பிறகு எல்லோரும் ஓடினார்கள்.

உள்ளங்கை இரண்டுக்குள் அடங்குகிற ஒரு பெண் குழந்தை உயிரோடு பிறந்தது. அதைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். அபேனாவின் பார்வை சில நாள் மங்கியே இருந்தது. சிறுநீரகம் அடிபட்டுவிட்டது, முழுதாகத் தேறுமா என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

கொஞ்சம் தெளிந்ததும் அந்த டாக்டர் கட்டிலடிக்கு வந்தார். "நல்ல காலம், நேரத்துக்கு வந்தீர்கள்" என்று கையை நீட்டினார்.

அபேனா கை கொடுக்கவில்லை. "நேரத்துக்குத்தான் வந்தேன். நீங்கள் திருப்பி அனுப்பினீர்கள்."

"அன்று எங்களுக்கும் நெருக்கடி..."

"நான் கத்தியிராவிட்டால்? கத்தத் தெரியாதவள் வந்தால் அவளை என்ன செய்வீர்கள்?"

அவர் காதுமடல் சிவக்க வெளியே போனார்.

"பிள்ளை தப்பீட்டுது. விடுமன்" என்றான் யூட்சன்.

"நீங்கள் விடுங்கோ. எனக்கு ஏலாது. சக்கர நாற்காலியைக் கொண்டுவாங்கோ. பெரிய டாக்டரிட்ட இதைச் சொல்ல வேணும்."

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். போய்க் கொண்டுவந்தான். தையல் இழுக்க, பல்லைக் கடித்துக்கொண்டு அபேனா கட்டிலை விட்டு இறங்கினாள்.