ஹாஜர் சொல்லாத புஷ்பபாய்

கொல்லயில் என்ற ஊரின் பள்ளிக்கூடத்தில் நான் தையல் டீச்சர். இந்த சரோஜத்தின் வாய் ஓயாது என்று ஊருக்கே தெரியும். 1954-ல், திருவிதாங்கூர் தமிழ்ப் பகுதிகளைத் தமிழ்நாட்டோடு சேர்க்கக் கேட்ட எல்லைப் போராட்டம் சூடுபிடித்த நேரம், ஏழு வயசு புஷ்பபாய் திடீரென்று பேச்சை நிறுத்திவிட்டாள். வருகைப் பதிவுக்குப் பெயர் கூப்பிட்டால் 'ஹாஜர்' என்ற பதில் கிடையாது. விளையாட்டும் கிடையாது. தரையையே பார்த்துக்கொண்டு இருப்பாள்.

ஹெட்மாஸ்டர் ஜெயதாஸ் சாருக்கு அது திமிர். "மலையாளத்துல கூப்பிட்டா பேசமாட்டாளோ? வெள்ளிக்கிழமைக்குள்ள வாய் திறக்கல்லேன்னா பேரை வெட்டிருவேன்" என்றார். அவள் அப்பா எலியாவோ தமிழ்நாட்டோடு சேரவேண்டும் என்று கோஷம் போடுகிறவர். அவருக்குத் தலைகால் புரியாத பெருமை. "எனக்க மவளாக்கும். ஏழு வயசுல சத்தியாகிரகம்" என்று கூட்டத்தில் சொல்லி அவளுக்கு மாலை வேறு போட்டார். பிள்ளை வீட்டில் தமிழும் பேசவில்லையே, அது ஒருத்தருக்கும் உறைக்கவில்லையா? எனக்கு வந்த கோபத்தில் இரண்டு பேரையும் ஒரே ஊசியில் கோத்திருப்பேன்.

மிஷன் ஆஸ்பத்திரி நர்ஸ் சத்தியபாய் அக்காவிடம் யோசனை கேட்டேன். "ஒண்ணும் கேக்காத. பக்கத்துல இருந்து நீ பாட்டுக்கு வெளையாடு. உனக்க வாயை மூடு, அதாக்கும் மருந்து" என்றாள். அதைவிட விளக்கெண்ணெய் குடித்துவிடலாம். ஆனாலும் மத்தியானம்தோறும் துண்டுத்துணியில் பொம்மை கட்டியபடி புஷ்பபாய் பக்கத்தில் சும்மா இருந்தேன். மூன்றாம் நாள் அவளும் ஒரு துணியை எடுத்தாள்.

வியாழக்கிழமை மூன்று பொம்மை கட்டினாள். ஒன்றைக் கூடைக்குள் ஒளித்து மூடினாள். பெரிய பொம்மையின் கையைச் சின்னதின் வாய்மேல் வைத்து, நூலால் இறுகச் சுற்றினாள்.

சாயங்காலமே அவள் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். கண்டதைச் சொன்னதும் அவள் அம்மா குமாரியின் முகம் வெளிறிவிட்டது.

"போராட்ட வழக்குல போலீசு தேடி வந்தப்ப இவரு நெல்லுப் பத்தாயத்துக்குள்ள இருந்தாரு டீச்சர். நான்தான் இவ வாயைப் பொத்தி, 'நான் சொல்லுறது வர வாயத் திறக்காத'ன்னு சொன்னேன்."

"பொறவு பேசச் சொன்னியா?"

"மறந்தே போனேன் டீச்சர்" என்று குமாரி தலையில் அடித்துக்கொண்டாள். எலியாவும் பக்கத்தில்தான் நின்றார். வழக்கு தள்ளுபடியாகி அவர் வெளியே நடமாட ஆரம்பித்தே இரண்டு மாதம் ஆகிறது.

குமாரி மகளை மடியில் இழுத்துக்கொண்டாள். "போதும் மக்கா. இனி பேசலாம்."

புஷ்பபாய் வாசலை ஒருமுறை பார்த்தாள். பிறகு எலியாவின் காதருகே போய் மெல்லச் சொன்னாள்: "நான் ஆருகிட்டயும் சொல்லல்ல, அப்பா."

கூட்டத்தில் மாலை போட்ட மனிதர் வாய்விட்டு அழுதார்.