கேதக் கிளப்

பலகையைப் பார்த்ததுமே வாசலில் நின்றுவிட்டேன். கறுப்புப் பலகையில் நீல விளக்கெழுத்து. ‘கேதக் கிளப்’ என்று தமிழிலும் இங்கிலீஷிலும் வளைத்து நெளித்து எழுதி, கீழே ‘ப்ளூஸ் அண்ட் பார்’ என்று போட்டிருந்தார்கள். வாசல்படி ஓரமாக, சட்டத்துக்காக மாட்டிய தகரத் தட்டியில் ‘மனமகிழ் மன்றம்’. எங்கள் பக்கம் கேதம் என்றால் சாவு. சாவு வீட்டில் மனம் மகிழலாம் வாருங்கள் என்று ஒருவன் காளவாசல் தாண்டி பைபாஸ் ரோட்டில் மாடி பிடித்துக் கடை திறக்கிறான். அதற்கு என்னைச் சிறப்பு விருந்தினராக வேறு கூப்பிட்டிருந்தான்.

அவன் பெயர் ஜெயபாண்டி. பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்த்துவிட்டுத் திரும்பி வந்தவன். உசிலம்பட்டிப் பக்கம் தோட்டம் துரவு உள்ள குடும்பம். போன மாசி மாதம் என் வீட்டுக்கு வந்து செல்போனை என் முகத்துக்கு நேராக நிறுத்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

“அக்கா, அமெரிக்காவுல ப்ளூஸ்னு ஒரு பாட்டு. கறுப்பின மக்களோட வலி. அவுங்க பாடுன கிளப்புக்கெல்லாம் ஒவ்வொரு பேரு இருக்கும், கேட்டாலே புல்லரிக்கும். நம்ம மதுரையில கொட்டுக்காரங்க, பாட்டுக்காரங்க கூடுன எடத்துக்கெல்லாம் என்ன பேரு? அதெல்லாம் தமிழ்வாணி அக்காவைக் கேளுன்னாங்க.”

கேட்க ஆள் இல்லாமல் கிடந்த கதை. நானும் அவிழ்த்துவிட்டேன். ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு லாட்ஜ் இருந்தது. கச்சேரிக்கு வெளியூர் போகும் பையன்கள் ஒரே அறையில் எட்டுப் பேர் கிடப்பார்கள். அதற்கு ‘மூட்டைப்பூச்சி மஹால்’ என்று பெயர். டிரம்ஸ் வாசிக்கும் அருள்பாண்டி, ராத்திரி முழுக்கச் சொறிந்து சொறிந்துதான் தனக்குத் தாளமே பிடிபட்டது என்பான். கோரிப்பாளையத்தில் ஆர்மோனியப் பெட்டி ரிப்பேர் செய்யும் பாய் வீட்டு மொட்டை மாடி ‘பத்துக்கட்டை மாடி’. அங்கே ஏறினால் யாரும் மெதுவாகப் பாட மாட்டார்கள், கீழே ஜங்ஷனில் அடிக்கிற ஹாரனுக்கு மேலே குரல் போக வேண்டும். பாய் மட்டும் கீழேயிருந்து, “சுருதி மேல போயிருச்சு, கொஞ்சம் எறக்கி விடுங்க மாப்ள” என்று கத்துவார். பிறகு ‘இருமல் சபா’. பீடிப் புகையில் நாயனக்காரர் யார், பம்பைக்காரர் யார் என்று தெரியாத ஓர் அறை. இருமலை வைத்துத்தான் ஆள் கண்டுபிடிக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் சிரித்தான். “உங்கம்மாவும் ஒரு கிளப் வச்சிருந்தாங்களாமே?” என்றான்.

அந்தக் காலத்தில் டீயும் பலகாரமும் விற்கிற கடைக்கே காபி கிளப் என்றுதான் பெயர். என் அம்மா செல்லத்தாய் ஆரப்பாளையத்தில் ஆற்றோரம் கீற்றுக்கொட்டகை போட்டு அப்படி ஒரு கடை வைத்திருந்தாள். அக்கரையில் தத்தனேரிச் சுடுகாடு. பிணத்துக்கு முன்னால் கொட்டடித்துப் போனவர்களும், சாவு வீட்டில் ஒப்பாரி பாடிய பெண்களும் வேலை முடிந்து ஆற்றில் தலை முழுகிவிட்டு நேராக அம்மா கடைக்கு வருவார்கள். ஊரில் வேறு கடையில் அவர்களுக்குப் பெஞ்சில் இடம் கிடையாது. அதனால் மற்றவர்கள் அம்மா கடைக்கு வர மாட்டார்கள். ‘கேதக் கிளப்’ என்று எவனோ வைத்த பெயர் ஒட்டிக்கொண்டது. அம்மா பெயிண்டரைப் பிடித்து ‘செல்லத்தாய் காபி கிளப்’ என்று சிவப்பில் எழுதி மாட்டினாள். ஒருவரும் அதை வாசிக்கவில்லை. என் பள்ளிக்கூடத்தில் என்னைக் கேதக் கிளப்பு என்றுதான் கூப்பிட்டார்கள். எனக்கு வந்த இரண்டு சம்பந்தங்கள் அந்தப் பெயரைக் கேட்டதும் திரும்பிப் போயின.

அதையும்விட அம்மாவை அரித்தது வேறொன்று. சாவு வீட்டிலிருந்து கிளம்பும்போது யாரும் ‘வாரேன்’ என்று சொல்வதில்லை. வாயை மூடிக்கொண்டு எழுந்து போய்விட வேண்டும். சொன்னால் இன்னொரு சாவுக்கு வருவதாக ஆகிவிடும். அந்த வழக்கத்தை அவர்கள் அம்மா கடைக்கும் சேர்த்துவிட்டார்கள். டீயைக் குடித்து, பணியாரத்தைத் தின்று, கிளாசை வைத்துவிட்டுப் பேசாமல் போவார்கள். “முப்பது வருசமா ஆக்கிப் போடுறேன். வாரேன் செல்லத்தாயின்னு ஒரு சொல்லு சொன்னவுக இல்ல. எங் கடை என்ன எழவு வீடாடி?” என்பாள்.

“இத மட்டும் எங்கயும் போட்றாத தம்பி” என்று சொன்னேன். “சேச்சே, என்னக்கா” என்றான். அம்மாவின் படத்தைக் கேட்டான். பார்த்துவிட்டுத் தந்துவிடுவதாகச் சொன்னான். இருப்பதே ஒரே படம். சாவு வீட்டில் பிணத்தைப் படம் எடுத்துவிட்டுக் கடைக்கு டீ குடிக்க வந்த ஸ்டூடியோக்காரர், பிலிமில் ஒன்று மிச்சமிருக்கிறதென்று பாய்லர் பக்கத்தில் அம்மாவை நிற்க வைத்து எடுத்தது. அப்போதும் அவள் சிரிக்கவில்லை, முறைத்துக்கொண்டுதான் நிற்கிறாள். படத்தைக் கொடுத்தேன். அதன் பிறகு எத்தனை முறை கேட்டும், “வந்துகிட்டே இருக்குக்கா” என்பதுதான் பதில். அதை வாங்கிக்கொண்டு வரத்தான் இந்தத் திறப்பு விழாவுக்கே வந்தேன். அவன் மூஞ்சியைப் பார்க்கவா வந்தேன்?

உள்ளே போனால், சாராய பாட்டில்கள் அடுக்கிய சுவருக்கு நடுவே, கண்ணாடிச் சட்டத்துக்குள் என் அம்மா. படத்தைச் சுற்றி நீல விளக்கு விட்டு விட்டு எரிந்தது. பக்கத்தில் பிளாஸ்டிக் சாமந்தி மாலை. தலையில் சிவப்புத் துண்டு கட்டிய பையன்கள் தட்டோடு சுற்றிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் மெனு அட்டையை நீட்டினான். குடிக்கிற வகையில் ‘கருமாதி’ என்று ஒன்று, மேலே நெருப்பு வைத்துக் கொடுக்கும் ‘நெய்ப்பந்தம்’ என்று ஒன்று. முட்டை போட்ட ஃப்ரைடு ரைஸுக்குப் பெயர் ‘வாய்க்கரிசி’. பக்கத்து மேசையில் ஒரு பெண் அதை முள்கரண்டியால் தின்றபடி சிரித்துக்கொண்டிருந்தாள். எவன் வீட்டுச் சாவை எவன் தொட்டுக்கொண்டு தின்பது?

“படத்தைக் குடு தம்பி” என்றேன்.

“அக்கா, அதான் நம்ம கடையோட முகமே. எல்லாரும் அம்மாகூட நின்னுதான் செல்ஃபி எடுக்குறாங்க. ஃபங்ஷன் முடியட்டும், பேசுவோம்” என்று என்னை முன்வரிசையில் கொண்டுபோய் உட்கார வைத்தான்.

பக்கத்து நாற்காலியில் அவன் அம்மா. அரக்குப் பட்டு, கழுத்து நிறைய நகை. மகன் கடை திறக்கிற பெருமை முகத்தில் வழிந்தது. “எம் மகன் பாட்டுக் கடை வச்சிருக்கான். கீதக் கிளப்பு. பேரு நல்லாருக்குல்ல?” என்றாள்.

எனக்கு ஒரு நிமிடம் புரியவில்லை. பிறகு புரிந்தது. அந்த அம்மாவுக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது. மகன் கேதத்தைக் கீதமாக்கிச் சொல்லி வைத்திருக்கிறான். ஊரான் அம்மா பெயரோடு கேதத்தை ஒட்டத் தெரிந்தவனுக்குத் தன் அம்மாவிடம் அந்தச் சொல்லைச் சொல்ல வாய் வரவில்லை.

“செவுத்துல இருக்கது யாரு?” என்று கேட்டாள்.

“எங்கம்மா.”

“அப்பிடியா! எந்தூரு? எந்தத் தெரு?”

தெருவைச் சொன்னேன். தெருவைக் கேட்பது எதற்கென்று எனக்குத் தெரியாதா? அந்த அம்மா தலையை ஆட்டிவிட்டு, முந்தானையை இழுத்து மடியில் சுருட்டிக்கொண்டு, நாற்காலியைக் கொஞ்சம் அந்தப் பக்கம் நகர்த்திக்கொண்டாள். இதை நான் வேலை பார்த்த மின்வாரிய ஆபீசிலேயே நிறையப் பார்த்தாயிற்று. இருந்தாலும் ஒவ்வொரு முறையும் அருவருப்பு புதிதாகத்தான் இருக்கிறது.

மேடையில் கிட்டார் வாசிக்கிற பையன் சுருதி கூட்டினான். ஜெயபாண்டி மைக்கில் ப்ளூஸைப் பற்றியும் வலியைப் பற்றியும் பேசினான். பிறகு, “மதுரை மண்ணோட ப்ளூஸ்!” என்று கூவி, பாண்டீஸ்வரி சின்னம்மாவை மேடைக்குக் கூப்பிட்டான். அம்மா கடைக்கு வந்து போன ஒப்பாரிக்காரிகளில் இன்னும் குரல் உடையாமல் இருப்பது அவள் ஒருத்திதான். செல்லம்பட்டியிலிருந்து கார் வைத்து அழைத்து வந்திருந்தான். கூத்து மேடை என்று நினைத்து, பூ வைத்துப் பவுடர் போட்டு வந்திருந்தாள்.

“ஒப்பாரி ஒண்ணு பாடுங்கம்மா” என்றான்.

சின்னம்மா மைக்கைப் பிடித்துக்கொண்டு நாலாபக்கமும் தேடினாள். “எறந்தது யாருய்யா?” என்றாள்.

கூட்டம் சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. செத்தவர் பெயரும், என்ன முறை என்பதும் தெரியாமல் ஒப்பாரியைத் தொடங்க முடியாது. மகளாகப் பாடுவதா, தங்கச்சியாகப் பாடுவதா என்பதை வைத்துத்தான் சொல்லே வரும்.

“யாரும் சாகலம்மா. சும்மா பொதுவாப் பாடுங்க.”

“பொதுவா எப்பிடிய்யா அழுவுறது? ஆளு வேணும்ல?”

மறுபடியும் சிரிப்பு. ஜெயபாண்டிக்கு அந்தச் சிரிப்பு பிடித்துப்போனது. மைக்கை வாங்கி, “சரிம்மா, நான்தான் செத்துட்டேன்னு வச்சுக்கங்க! ஜெயபாண்டி டெட்! பாடுங்க!” என்றான். கை தட்டினார்கள், விசில் அடித்தார்கள்.

“வேணாம்யா. சொல்லு பலிச்சிரும்.”

“அட பாடுங்கம்மா, எல்லாரும் வெயிட் பண்றாங்க.”

“பெத்தவ இருக்காளா?”

“இருக்காங்க. இதோ” என்று முன்வரிசையைக் காட்டினான்.

“அப்பத் தாயாப் பாடுறேன்” என்று சின்னம்மா மேடையிலேயே காலை நீட்டி உட்கார்ந்தாள். தலைப்பூவை எடுத்து ஓரமாக வைத்தாள். கண்ணை மூடினாள்.

“மாடி மேல மாடி கட்டி நான் பெத்த மகனே
மணிவெளக்கு நூறு வச்சே
ஏத்தி வச்ச வெளக்கணஞ்சு ஜெயபாண்டி ராசா
இருட்டுக்குள்ள போனியய்யா”

அம்மா கடையில் எத்தனையோ முறை கேட்ட குரல். பேச்சு அடங்கிவிட்டது. பக்கத்து நாற்காலியில் வளையல் குலுங்கியது.

“பந்தி போட்டுச் சோறு வச்சு நான் பெத்த மகனே
பாத்துப் பாத்து ஊட்டினேனே
ஊட்டிவிட்ட கையாலதான் ஜெயபாண்டி ராசா
வாய்க்கரிசி போடலாச்சே”

“நிப்பாட்டுடி!” ஜெயபாண்டியின் அம்மா எழுந்து நின்று அலறினாள். “எம் மகன் குத்துக்கல்லாட்டம் நிக்கையில யாருக்குடி ஒப்பாரி வைக்கிற?”

சின்னம்மா கண்ணைத் திறந்தாள். “ஒங்க மகன்தானம்மா பாடச் சொன்னாரு. கேதக் கிளப்புல வேற என்னத்தப் பாட?”

“என்ன கிளப்பு?”

அந்த அம்மா என் பக்கம் திரும்பினாள். “கீதக் கிளப்புல்ல?”

“இல்லம்மா. கேதம். எழவு. வாசல்லயே வெளக்குப் போட்டு எழுதியிருக்கு” என்றேன். சொல்லும்போது எனக்கு நாக்கில் இனித்தது. அதை மறைப்பானேன்?

“அம்மா, இது ஒரு கான்செப்ட்...” என்று ஜெயபாண்டி ஆரம்பித்தான். குரல் எழும்பவில்லை. வலது கையை நெஞ்சில் வைத்துப் பார்த்துக்கொண்டான். பிறகு என்னிடம் குனிந்து, “அக்கா, என் பேரை மட்டும் எடுத்துட்டுப் பாடச் சொல்லுங்களேன்” என்றான்.

“எங்கம்மாவைச் செவுத்துல மாட்டுனா கான்செப்ட்டு. உம் பேரு வந்தா மட்டும் நெஞ்சு படபடங்குதா?” என்றேன்.

அவன் அம்மா என் அம்மாவைக் கைகாட்டிக் கத்தினாள். “எல்லாம் அந்த எழவுப் படத்தால வந்த வென! கழட்டி வெளிய எறிங்கடா மொதல்ல!”

சிவப்புத் துண்டுப் பையன் ஓடிப்போய்த் திருகாணியைக் கழற்றினான். படம் என் கைக்கு வந்தது. கண்ணாடியில் யாரோ சிந்திய மதுவின் பிசுபிசுப்பு. என் முந்தானையால் துடைத்தேன். நான் நிமிர்வதற்குள் அந்த அம்மா தண்ணீர் பாட்டிலைத் திறந்து, படம் இருந்த சுவரில் தெளித்துக்கொண்டிருந்தாள். நீல விளக்கு மட்டும் வெறும் சுவரைச் சுற்றி எரிந்தது. கேட்டது கிடைத்துவிட்டது. ஆனால் என் அம்மா உயிரோடு இருந்தபோது ஊர் செய்ததைத்தான் இவர்கள் படத்துக்கும் செய்தார்கள்.

“கெளம்பு சின்னம்மா” என்றேன். அவள் பூவை எடுத்து வைத்துக்கொண்டு என் பின்னால் வந்தாள்.

பேசாமல் நாங்கள் வாசலை நோக்கி நடப்பதைப் பார்த்ததும் அந்த அம்மாவுக்கு உறைத்துவிட்டது. பட்டுச் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தாள். “தாயி, பேசாமப் போகாதீக. நல்ல நாளும் அதுவுமா, போயிட்டு வாரேன்னு ஒரு வார்த்த சொல்லிட்டுப் போங்க. ஒத்த மகன் தாயி!” படியில் இரண்டு எட்டு இறங்கி என் கையையே பிடித்துவிட்டாள். சற்று முன்பு நாற்காலியை நகர்த்திக்கொண்ட அதே கை.

கையை உருவிக்கொண்டேன். சின்னம்மாவும் வாய் திறக்கவில்லை. இருவரும் படியிறங்கி, மனமகிழ் மன்றத்தைத் தாண்டி, ரோட்டுக்கு வந்துவிட்டோம்.

ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில், செல்லம்பட்டி வழியாகப் போகும் உசிலம்பட்டி பஸ் கிளம்பத் தயாராக நின்றது. சின்னம்மா ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு, பக்கத்தில் உட்கார்ந்த என் மடியிலிருந்த படத்தைக் கேட்டு வாங்கினாள். வெகுநேரம் பார்த்தாள். “நாக்குச் செத்த சென்மங்க நாங்க. இவ கையால எம்புட்டுத் தின்னுருப்போம்” என்றாள். கண்டக்டர் விசில் அடித்தார். நான் எழுந்து, படத்தை வாங்கிக்கொண்டு கீழே இறங்கினேன்.

பஸ் நகரும்போது ஜன்னல் வழியே தலையை நீட்டினாள். என்னைப் பார்க்கவில்லை, படத்தைத்தான் பார்த்தாள்.

“வாரேன் செல்லத்தாயி” என்றாள்.