மூட்டைக்கு ஒரு கைப்பிடி

விடியற்காலை ஐந்து மணிக்கே ராசாத்தாள் கோழிக் கொட்டகையில் தேங்காய் நார்த்தூளைக் கிளறிக்கொண்டிருந்தாள். ஐயாயிரம் கோழிகளின் எச்சம் ஊறிய தூள். புரட்டப் புரட்ட எழும் காட்டம் கண்ணைப் பிடுங்கும். முடித்த கையோடு ஐம்பது கிலோ தீவன மூட்டையைத் தனியாக முதுகில் ஏற்றினாள். அடுத்த கொட்டகை எங்களுடையது. என் வேலையை விட்டு அவள் வேலையைப் பார்ப்பதில் எனக்கு அலுப்பே வந்ததில்லை.

கோழி கம்பெனியுடையது, தீவனமும் கம்பெனியுடையது. கொட்டகையும் முதுகும் மட்டும் எங்களுடையவை. நாற்பது நாளில் இரண்டு கிலோவைத் தாண்ட வேண்டிய கோழி அவளிடம் ஒன்றேகாலிலேயே நின்றுவிட்டது.

எட்டு மணிக்கு ஜீப் வந்தது. மேனேஜர் சீனிவாசலு மூக்கில் கைக்குட்டையோடு இறங்கினார். வீட்டிலேயே கட்டிக்கொண்டு கிளம்பியிருப்பார். பின்னால் சூப்பர்வைசர் சசிதர். ஒரு கோழியை அறுத்துப் பார்த்தார்கள். வயிற்றடியில் மஞ்சளாய்த் திரண்டிருக்க வேண்டிய கொழுப்பு நகமளவுகூட இல்லை.

“தீவனத்துல என்னத்தக் கலந்தீங்க?” என்றார் மேனேஜர்.

“தாது உப்புங்க. மூட்டைக்கு ஒரு கைப்பிடி.”

“அதெல்லாம் தீவனத்துலயே அளவா இருக்குது. மேல போட்டா இரை எடுக்காது, கொழுப்புப் பிடிக்காது. யாரக் கேட்டுப் போட்டீங்க?”

ராசாத்தாள் சசிதரைப் பார்த்தாள். சசிதர் செத்த கோழியைப் பார்த்தார்.

“இந்த சார்தானுங்க சொன்னாரு. வெயில் காலம், கோழி கால் ஊனி நிக்கோணும்னு. டப்பாவும் அவரே குடுத்தாருங்க.”

“எழுத்துல இருக்குதா?”

“நீங்க சொல்றதெல்லாம் வாய்லதானுங்க. எழுத்துல கேக்கறது எங்ககிட்ட மட்டுந்தானுங்க.”

மேனேஜர் ஒரு தாளை நீட்டினார். தானாகவே கலந்ததாக அவள் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் இனி அவளுக்கு வளர்க்கக் குஞ்சு இறக்க மாட்டார்கள். போடாவிட்டாலும் இறக்க மாட்டார்கள். கடன் வாங்கிக் கட்டிய கொட்டகையில் கோழி இல்லாமல் வேறு எதை அடைப்பது?

வேலியோரம் நாங்கள் பத்துப் பேர் கூடி வேடிக்கை பார்த்தோம். எல்லார் கொட்டகையிலும் அதே டப்பா. அதோடு எங்கள் ஊர்ப் புத்தி வேறு. ராசாத்தாள் ஒரு கைப்பிடி போடுகிறாள் என்று கேள்விப்பட்டு நான் இரண்டு போட்டேன். அதை அறிந்து ஈஸ்வரமூர்த்தி மூன்று போட்டார். எங்கள் கோழிகளுக்கு இன்னும் எடை போடும் நாள் வரவில்லை, அவ்வளவுதான். வாயைத் திறந்தால் எங்களுக்கும் குஞ்சு நின்றுபோகும். ஊர்க்கதையெல்லாம் பேசும் என் வாய் ஒட்டிக்கொண்டது.

ராசாத்தாள் பேனாவை வாங்கினாள். மூடியைக் கழற்றினாள்.

“ஏனுங்க,” என்றார் ஈஸ்வரமூர்த்தி. “அதுல எம் பேரையும் எழுதிக்குங்க. நான் மூணு கைப்பிடி.”

“நான் ரெண்டுங்க.” அது என் குரல்தான். பிறகு வேலியோரம் ஒவ்வொரு வாயாகத் திறந்தது.

“அத்தன பேருக்கும் குஞ்ச நிறுத்திப்போடுவேன்,” என்றார் மேனேஜர்.

“நிறுத்துங்க. பதினோரு கொட்டகையுங்க. தாளு பத்துமுங்களா?” ராசாத்தாள் பேனாவைத் திருப்பி நீட்டினாள்.

கையெழுத்து இல்லாத தாளோடு ஜீப் திரும்பிப் போனது. எங்களை விட்டால் கம்பெனிக்கு நூறு ஊர் இருக்கிறது. கம்பெனியை விட்டால் எங்களுக்கு எதுவுமில்லை. அன்று ராத்திரி பதினோரு வீட்டாரும் கூடிப் பேசினோம். ஆனாலும் ஒன்று முடிவாயிற்று: குஞ்சு வண்டி வந்தால் முதலில் ராசாத்தாள் கொட்டகையில் இறங்க வேண்டும், இல்லையேல் ஒருவரும் இறக்கக்கூடாது.

அதே கம்பெனிக்குக் கோழி வளர்க்கும் கருமத்தம்பட்டிப் பக்கத்துக் கொட்டகைகளுக்குச் சேதி சொல்லும் வேலை எனக்கு வந்தது. முதல் கொட்டகையில் புவனா தீவனம் தட்டிக்கொண்டிருந்தாள். நான் சொல்லி முடித்தேன். அவள் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு செருப்பை மாட்டினாள்.

“அடுத்த ஊட்டுக்கு நானும் வாரேன், வாங்கக்கா.”