மாதம் ஒரு பாடு

பிப்ரவரி 18, 2025, செவ்வாய்

தவறு என்னுடையது. மனுவில் ‘மாதம் ஒரு பாட்டை இல்லத்துக்குத் தருகிறோம்’ என்று எழுதிவிட்டேன். ஏரியில் இன்று யார் வலை போடுவது என்ற முறைக்கு எங்கள் ஊரில் பாடு என்று பெயர். அரசு அலுவலகத்து எழுத்தர் அதைப் பாட்டு என்று படித்து, கச்சேரிக்கெல்லாம் நிதி கிடையாது என்று சிரித்துத் திருப்பிவிட்டார். ‘ஒரு முறைக்குக் கிடைக்கும் மீன்’ என்று எழுதியிருக்கலாம். மாலை வகுப்பில் இலக்கணம் படித்து என்ன பயன்?

மனநல மருத்துவமனையிலிருந்து வருகிறவர்கள் வீடு திரும்புமுன் தங்கி, வேலைக்குப் போய்ப் பழகும் இல்லம் அது. என் அண்ணன் கண்ணப்பன் அங்கே இருக்கிறான். ஊர் தன் பங்கை உறுதி செய்தால்தான் அரசு மீதியைத் தரும். இல்லாவிட்டால் மாதக் கடைசியில் பூட்டு. சென்ற முறை நேரே வீட்டுக்கு வந்தவன், மாத்திரையை விட்டுவிட்டு எளாவூர் செக்போஸ்டில் லாரிகளுக்கு நடுவே போய் நின்றான்.

விடியுமுன் இறால் கொட்டகையில் இருந்தோம். ஐஸ் தண்ணீரில் விரல் மரத்துவிடும். இறால் முள் குத்தியதை ரத்தம் பார்த்துத்தான் தெரிந்துகொள்வோம். கண்ணப்பனோடு சேர்த்து இல்லத்தைச் சேர்ந்த நால்வரும் எங்களோடு உரிக்கிறார்கள். மனு திரும்பிய செய்தி எட்டி, முதலாளி சகாதேவன் வந்தார். ஊர்ப் பங்கைத் தானே கட்டுகிறாராம். பதிலுக்கு அந்த நால்வரும் கூலியில்லாமல் உரிக்க வேண்டுமாம்.

“சோறு இருக்குது, படுக்க எடம் இருக்குது. கூலி இன்னாத்துக்கு?”

ஒத்துக்கொண்டால் இல்லமாவது நிற்குமே என்று ஒரு கணம் நினைத்தேன். இப்போது எழுதும்போதும் என் மேலேயே எரிச்சல் வருகிறது.

பக்கத்தில் உரித்துக்கொண்டிருந்த ஹேமாவதி அக்கா தலை நிமிரவில்லை. “இவங்க உரிச்ச இறால்ல நோவு ஒட்டிக்கினு இருக்குதா மொதலாளி? அத்த மட்டும் முழு வெலைக்கு விக்கிற.”

“உன்னாண்ட பேசல. இவனுங்களுக்குக் காசு குடுத்தா எண்ணத் தெரியுமா?”

கண்ணப்பன் கையைத் தண்ணீரிலிருந்து எடுத்தான். “கொறச்சுக் குடுத்தா தெரியும்.”

கொட்டகையே சிரித்தது. பிறகு ஹேமாவதி அக்காவும் கையை எடுத்தார். நான் எடுத்தேன். வரிசையாக எல்லாரும் எடுத்தார்கள். ஐஸ் கரைகிறது என்று சகாதேவன் கத்தினார்.

“கரையட்டும்,” என்றார் எங்களில் மூத்தவரான ரோஸ்மேரி அக்கா. “இன்னிக்கி இவங்களுக்குக் கூலி இல்லன்னுவ. நாளைக்கி கை நடுங்குதுன்னு எனக்கு இல்லன்னுவ.”

நாளை முதல் யாரும் வர வேண்டாம் என்று சகாதேவன் கதவை இழுத்துப் பூட்டினார்.

மதியம் படகுக்காரர்கள் கரையில் கூடினார்கள். பாடு தருவதில் மாற்றமில்லை என்றார்கள். கொட்டகை திறக்கும்வரை சகாதேவனுக்கு இறால் போடுவதில்லை என்று பாதிப் பேர் சொன்னார்கள். அவரிடம் முன்பணம் வாங்கியவர்கள் தரையைப் பார்த்தார்கள். அவர்களிடம் மறுபடி பேச வேண்டும்.

நாளை: முதல் பஸ். கொட்டகைப் பெண்கள் எல்லாரும் அலுவலகத்துக்கு வருகிறார்கள். கிளம்புமுன் கண்ணப்பன் சாப்பிட்டு மாத்திரை போட்டுக்கொள்ள வேண்டும். எழுத்தரிடம் பேசப்போவது அவன்.