கிணற்றை மூடிய தண்டவாளங்கள்

மார்க்கண்டுவுக்கு ஒரு உண்மையைச் சொல்ல மூன்று நாள் எடுத்தது. சொல்ல மனம் வராமல் ஒரு நாள் போனது. சொன்னதைக் கேட்க ஆளில்லாமல் மற்ற இரண்டு நாளும் போயின.

மயிலிட்டிக்குத் தெற்கே அவனுக்குப் பத்துப் பரப்புத் தோட்டக் காணி இருந்தது. யுத்தத்துக்கு விமானத்தளம் வேண்டுமென்று வெள்ளைக்காரர் நாற்பத்திரண்டில் அதை எடுத்துக்கொண்டார்கள். புகையிலை வெட்ட ஒரு மாதம்தான் கிடந்தது, அதற்குக்கூடப் பொறுக்கவில்லை. யுத்தம் முடிந்தால் காணி திரும்பக் கிடைக்கும், இப்போதைக்குக் கிணற்றைத் தூர்த்து நிலத்தை மட்டமாக்கு என்றார்கள்.

அந்தக் கிணறு அவனுடைய தகப்பன் இரண்டு வருடம் கல்லுடைத்துத் தோண்டியது. சுற்றிவர எல்லாக் கிணறும் உவர். அதில் மட்டும் நல்ல தண்ணீர். அதைத் தூர்க்க எவனுக்குக் கை வரும்? மார்க்கண்டு தூர்க்கவில்லை. கல் ஏற்றும் தள்ளுவண்டிகளுக்குப் போட்டு வளைந்துபோன தண்டவாளத் துண்டுகளைக் தளம் கட்டக் கொந்தராத்து எடுத்தவனின் ஆட்களிடம் கேட்டு வாங்கினான். ஏழு துண்டைக் கிணற்று வாயில் குறுக்கே அடுக்கி, பனம்பலகை பரப்பி, கல்லும் செம்மண்ணும் போட்டு மூடிவிட்டான். நிலம் அமுக்கும் உருளை அதன்மேல் ஏறி இறங்கியது. நிலம் ஒரு விரல்கூடத் தாழவில்லை. யுத்தம் முடிய மண்ணைத் தள்ளினால் தண்ணீர் நின்றபடியே நிற்கும் என்று பெண்சாதி நல்லம்மாவிடம் மட்டும் சொன்னான். பிறகு அந்தத் தளத்திலேயே கூலிக்கும் சேர்ந்துகொண்டான்.

அடுத்த வருடம் மார்கழியில் வெள்ளைக்காரர் சுண்ணாம்பால் பெரிய வட்டம் ஒன்று போட்டார்கள். அவ்வளவு காணி வெறுமனே கிடக்க, அந்தக் கிணற்றுக்கு மேலேதான் போட்டார்கள். விமானத்தை வட்டத்தில் நிறுத்தி, நாலு திசைக்கும் திருப்பி, உள்ளே இருக்கிற திசைகாட்டி சரியாகக் காட்டுகிறதா என்று பார்த்துத் திருத்துவார்களாம். விமானத்தைத் தள்ளித் திருப்புகிற கூலிகளில் மார்க்கண்டுவும் ஒருவன்.

அப்படித் திருத்திய முதல் விமானம் ஒரு ஞாயிற்றுக்கிழமை திருகோணமலைக்கென்று கிளம்பியது. மேலே ஏறியதும் ஒரே மேகம். திசைகாட்டியை நம்பித்தான் ஓட்டினார்கள். மேகத்துக்குக் கீழே இறங்கிப் பார்த்தால் நாலு பக்கமும் கடல், கரையைக் காணோம். பெற்றோல் தீர்கிற நேரத்தில் தொண்டைமானாற்று வள்ளங்கள் பாய் விரித்து வீடு திரும்புவதைக் கண்டு, அவை போகும் திசையிலேயே பறந்து கரை பிடித்தார்கள். விமானத்தில் இருந்த ஆறு பேரும் பிழைத்தது அருந்தப்பு.

கிளாக்கர் மரியரட்ணம் துரைமாரின் இங்கிலீசைக் கூலிகளுக்குத் தமிழில் சொல்லுகிறவர். திசைகாட்டி ஏன் பிழையாகக் காட்டியது என்று துரைமாருக்கே பிடிபடவில்லை என்று அவர் சொன்னார். கிட்ட இரும்பு இருந்தால் ஊசி இழுபடுமாம். வட்டத்தைச் சுற்றித் தேடியும் ஒரு ஆணிகூடக் கிடைக்கவில்லையாம். கருவியை மாற்றி, அதே வட்டத்தில் திருத்தி, வியாழக்கிழமை மறுபடி அனுப்பப் போகிறார்களாம். மார்க்கண்டு தான் புதைத்த ஏழு தண்டவாளத்தையும் நினைத்துக்கொண்டான்.

திங்கட்கிழமை முழுவதும் அவன் வாய் திறக்கவில்லை. சொன்னால் கிணறு போய்விடும். யுத்தகாலத்தில் விமானத்தைக் கெடுத்தவன் என்று மறியல்வீட்டில் பூட்டவும் கூடும். பின்னேரம் நல்லம்மாவிடம் சொல்லி மனதை ஆற்றப் பார்த்தான். அவள் அடுப்பை விட்டுத் திரும்பவேயில்லை.

"ஆறு சீவன். போய்ச் சொல்லுங்கோ," என்றாள்.

செவ்வாய்க்கிழமை கிளாக்கரிடம் போனான். வட்டத்துக்குக் கீழே என்ரை கிணறு கிடக்கு என்று தொடங்கியதுதான் தாமதம், காணி கேட்கிற மனுவெல்லாம் அரசாங்கக் கச்சேரிக்குக் கொண்டுபோ என்று அவர் கையை வீசிவிட்டார். இரும்பு என்று சொல்ல வாயெடுக்கும்போது ஆள் கதவுக்கு அந்தப்பக்கம். புதன்கிழமை நேரே திசைகாட்டி திருத்துகிற துரையிடமே போனான். நிலத்தில் வட்டம் கீறினான், கிணறு என்று காட்டக் கயிறு இழுப்பதுபோல் அபிநயம் பிடித்தான். துரை சிரித்துக்கொண்டே தண்ணீர்க் குழாயைக் காட்டினார். மார்க்கண்டுவுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. தன் கிணற்றைத் தானே காட்டிக்கொடுக்க வந்தவனுக்கு இவ்வளவு பாடா? போய்த் தொலையுங்கள் என்று விட்டுவிடலாமென்றும் ஒரு கணம் நினைத்தான். ஆனால் ஆறு பேர் என்ற கணக்கு மனதை விட்டுப் போகவில்லை.

வியாழன் காலை விமானத்தை வட்டத்துக்குக் கொண்டுவந்தார்கள். மார்க்கண்டு அலவாங்கை எடுத்துக்கொண்டு வட்டத்தின் நடுவில் போய் நிலத்தைக் கிண்டத் தொடங்கினான். காவல்காரர் துவக்கை நீட்டிக்கொண்டு ஓடிவந்தார்கள். அவன் நிமிர்ந்தும் பார்க்கவில்லை. அவர்கள் தோளில் கை வைக்கவும் அலவாங்கு இரும்பில் மோதி 'ணங்' என்று சத்தம் கேட்கவும் சரியாக இருந்தது.

துரை வந்தார். கைத்திசைகாட்டியைக் குழிக்குள் பிடித்தார். ஊசி வடக்கை விட்டுத் தண்டவாளத்தின் பக்கம் திரும்பி நின்றது.

"உதை ஆர் போட்டது எண்டு துரை கேக்கிறார்," என்றார் கிளாக்கர்.

"நான்தான் ஐயா. முந்தநாள் உங்களிட்டைச் சொல்ல வந்தனான்."

கிளாக்கர் முதல் பாதியைத்தான் இங்கிலீசில் சொன்னார். மார்க்கண்டு மறியலை எதிர்பார்த்து நின்றான். துரையோ, தானாகவே வந்து தோண்டிக் காட்டினானே என்று அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

ஏழு தண்டவாளத்தையும் இழுத்துப் போட்டார்கள். கீழே மாரித்தண்ணீர் கைக்கு எட்டும் தூரத்தில் தெளிந்து நின்றது. துரை ஒரு வாளி அள்ளச் சொல்லிக் குடித்துப் பார்த்தார். நல்ல தண்ணீர் என்று சொல்லி விமானக்காரர் ஆறு பேருக்கும் கொடுத்தார். பிறகு கல்லுப் போட்டு நிரப்பச் சொல்லிவிட்டார்.

"இரும்பு வேண்டாம் ஐயா. பனங்குத்தி அடுக்கி மூடித் தாறன். கிணறு கிடக்கட்டும் எண்டு துரைக்குச் சொல்லுங்கோ."

இந்த முறை கிளாக்கர் முழுதையும் சொன்னார். துரை விமானத்தின் பாரத்தைக் கையால் காட்டி, முடியாதென்று தலையை ஆட்டினார். பன்னிரண்டு லொறிக் கல்லு இறங்கியது. லொறியிலிருந்து கல்லைப் பறித்துக் கிணற்றில் கொட்டுகிற கூலிகளோடு மார்க்கண்டுவும் நின்று பறித்தான்.

விமானம் சனிக்கிழமை திருகோணமலைக்குப் போய், சொன்ன நேரத்துக்குத் திரும்பி வந்ததாம். அது பிறகு கேள்விப்பட்டது. வியாழன் பின்னேரம் அவன் வீட்டுக்குப் போனபோது நல்லம்மா வாசலில் நின்றாள். மறியலைப் பற்றி அவள் கேட்கவில்லை.

"தூர்த்துப்போட்டினமோ?"

"ஓம்."

"தண்ணி நிண்டதோ?"

"நிண்டது. கையெட்டுற தூரத்திலை."

"ஒரு வாய் குடிச்சனீங்களோ?"

மார்க்கண்டுவுக்கு அந்த நினைப்பே வந்திருக்கவில்லை. யாரும் அவனிடம் வாளியை நீட்டவும் இல்லை.

"துரை குடிச்சவர்," என்றான்.