ஜெயராணியின் தனிப்பாடல்கள்

என் அக்கா ஜெயராணி சென்னையில் ரொம்ப வருஷம் சினிமாப் பாட்டுகளுக்குக் கோரஸ் பாடினாள். பெரிய பாடகி மூச்சு வாங்கும் இடத்தில் பின்னால் ஐந்தாறு பெண்கள் 'லாலா' போடுவார்களே, அதில் ஒருத்தி. பெயர் எங்கேயும் வராது. அவள் தனியாகப் பாடியது இரண்டே கேசட்டுகள். ஒன்று மாதா பாட்டு, இன்னொன்று தாலாட்டு. இரண்டும் விற்கவில்லை. வாய்ப்பு நின்று கடலூருக்கே திரும்பி வந்தவள், அப்புறம் வாய் திறந்து பாடியதே இல்லை. வீட்டில் இருந்த கேசட்டுகளும் 'தானே' புயலில் கூரை ஓடு பறந்த அன்று ஊறி நாசமாயின.

போன வருஷம் புற்றுநோய் வந்து குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். இப்போது பேச்சும் கிடையாது. செல்போனில் எழுதிக் காட்டுவாள். 'என் பாட்ட ஒரு தடவ கேக்கணும் அமராவதி' என்று எழுதியதிலிருந்து நான் விசாரிக்காத ஆள் இல்லை. எல்லாரும் உச்சுக் கொட்டினார்கள். உச்சுக் கொட்ட என்ன செலவா ஆகிறது!

கடைசியில் சிதம்பரத்தில் முன்பு பாட்டுப் பதிவுக் கடை வைத்திருந்த கண்ணாயிரம், அக்கா முகம் போட்ட கேசட்டுகள் ஒரு மூட்டை கிடக்கிறது என்று படமெடுத்து அனுப்பினார். அக்கா பட்டுப்புடவை கட்டிக்கொண்டாள். கல்யாணத்துக்கா போகிறோம் என்று கேலி செய்தேன். பஸ் பி.முட்லூர் தாண்டும்வரை ஜன்னலைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தாள்.

கண்ணாயிரம் டேப் ரெக்கார்டரைத் துடைத்து, தாலாட்டுக் கேசட்டைப் போட்டார். டமடமவென்று ஒரு குத்துப்பாட்டு வந்தது. பக்கம் மாற்றினார். இன்னொரு சினிமாப் பாட்டு. அடுத்த கேசட்டிலும் அதே கதைதான்.

ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தேன். மேல் விளிம்பு ஓட்டை இரண்டிலும் செல்லோடேப் ஒட்டியிருந்தது. அந்த ஓட்டையை அடைத்தால் பழையதை அழித்துப் புதுப்பாட்டு ஏற்றலாம். அந்தக் காலத்தில் எல்லா வீட்டிலும் தெரிந்த வித்தை அது.

"என்னாண்ணே பண்ணி வெச்சிருக்கீங்க?"

கண்ணாயிரம் தலையைச் சொறிந்தார். "காலி கேசட்டு சரியா கெடைக்காதும்மா அப்ப. விக்காத கேசட்ட மூட்டையா வாங்கி, கேக்குற பாட்ட மேல ஏத்திக் குடுப்போம். இதெல்லாம் பதியச் சொல்லிட்டு வாங்க வராதவுங்களோடது. அட்டையில படத்தப் பாத்ததும் சந்தோஷத்துல அனுப்பிட்டேன். மேல ஏத்துனது ஞாபகமே இல்லம்மா."

அந்த ஆளை அறையலாம் போலிருந்தது. "ஒண்ணாவது உட்டு வெச்சிருக்கக் கூடாதா?" என்று கத்தினேன். அக்கா என் கையைப் பிடித்து இழுத்து மூட்டையைக் காட்டினாள். எல்லாவற்றையும் போட்டுப் பார்க்க வேண்டுமாம். சாப்பாட்டுக்குக்கூட எழுந்திருக்காமல் போட்டுப் பார்த்தோம். ஒவ்வொரு அட்டையிலும் அவள் முகம் இருந்தது. உள்ளே யார் யாரோ பாடினார்கள்.

கடைசிக் கேசட்டில் ஒரு காதல் பாட்டு. நடுவில் பாடகி நிறுத்த, பெண்கள் சேர்ந்து லாலா எடுத்தார்கள். அதில் ஒரு குரல் மட்டும் மேலே போய் இழைந்தது.

"அக்கா, இது நீதான்! நீதான்க்கா!"

அக்கா முழுசாகக் கேட்டாள். பிறகு எழுதிக் காட்டினாள்.

'இதுல நான் பாடவே இல்லடி.'

அவள் மறுபடி எழுதினாள்.

'என் பாட்டு உனக்கும் மறந்துபோச்சா?'

பொய் சொல்லியிருக்கலாம். எனக்கு அழுகைதான் வந்தது.