மூன்று சந்தும் ஒரு கோடும்

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. முப்பது வருடமாக ஓட்டுப் போட்ட பள்ளிக்கூடத்துக்குப் போனால், "உங்க தெரு இப்ப வேற வார்டுங்க" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். கோட்டைப் போட்டது யார், எதற்காகப் போட்டார் என்று புழுங்கிக்கொண்டே சத்திரம் பஸ் நிலையம் வரை நடந்தேன். வீட்டுக்கு வந்ததும் எழுதினேன்:

1959ஆம் ஆண்டு திருச்சிராப்பள்ளியில் வார்டு எல்லைகளை...

(அறிக்கை மாதிரி இருக்கிறது. விட்டுவிட்டேன். ஆளோடு தொடங்குவோம்.)

2

லூர்துராணி பிரசவம் பார்ப்பவள். தென்னூரில் அடுத்தடுத்த மூன்று சந்துகளில் பாதிப் பிள்ளைகள் அவள் கையில் பிறந்தவை. மூன்று சந்துக்கும் ஒரே குழாய். பிரசவ வீட்டுக்கு ஒரு குடம் தண்ணீருக்காகச் சண்டை போட்டு அலுத்துப்போய், கவுன்சிலர் தேர்தலில் நிற்கத் துணிந்தாள். மூன்று சந்தும் சேர்ந்தால் அறுநூறு ஓட்டு. அந்த வார்டில் ஜெயிக்க அது போதும்.

பழைய கவுன்சிலருக்கும் அது தெரியும். (அவருக்குப் பெயர் வைக்கவில்லை. வைத்தால் அவர்மேல் எனக்குப் பிரியம் வந்துவிடும்.) அவர் யார் யாரையோ பார்த்தார். அடுத்த மாதம் புதிய வார்டுப் படம் நகராட்சி ஆபீஸ் சுவரில் ஏறியது. மூன்றாவது சந்து ஜஹானாரா மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

"அக்கா, நம்மள மூணாப் பிரிச்சுட்டாங்க! சந்துக்கு ஒரு வார்டு!"

வார்டுக்கு இருநூறு ஓட்டு. இனி எங்கே நின்றாலும் தோல்விதான். ஆட்சேபம் சொல்லப் பத்து நாள் இருந்தது.

3

இங்கே லூர்துராணி அழுவதாக ஒரு பத்தி எழுதினேன். அவள் அழுகிற ஆளே இல்லை. படத்தின் நகலைக் கையில் வைத்துக்கொண்டு கோடு போன வழியே நடந்தாள். ஜஹானாரா வீடு வீடாக ஏறி ஆட்சேப மனுவுக்கு நானூறு கையெழுத்து வாங்கினாள்.

விசாரணை நாளில் லூர்துராணி அதிகாரியிடம் சொன்னது ஒன்றே ஒன்று: "ஐயா, ஒரு நடை வந்து பாருங்க."

அவரும் வந்தார்! படத்தை விரித்தபடி அவர் முன்னால், சந்தே பின்னால். கோடு நேராக இரண்டாவது சந்துக் காத்தான் வீட்டுக்குள் நுழைந்தது. காத்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"எந்திரிக்காதீங்க" என்றாள் லூர்துராணி. "பாருங்கய்யா, அடுப்பு பதினாலாம் வார்டு. இவரு இலை பதினஞ்சாம் வார்டு."

"அப்ப நான் எங்கங்க ஓட்டுப் போடணும்?" என்றான் காத்தான், சோற்றுக் கையோடு.

கூட்டம் ஓவென்று சிரித்தது. அதிகாரியும் சிரித்துவிட்டுப் பேனாவைத் திறந்தார்.

"முதல் ரெண்டு சந்தையும் ஒண்ணாச் சேர்த்துடறேம்மா. மூணாவதையும் எடுத்தா அந்த வார்டுல ஆள் குறைஞ்சிடும். அது முடியாது."

ஜஹானாரா பக்கத்திலேயே நின்றிருந்தாள்.

4

லூர்துராணி பதினெட்டு ஓட்டில் தோற்றாள் என்று முதலில் எழுதினேன். மனம் கேட்கவில்லை. எண்ணூறு ஓட்டில் ஜெயிக்க வைத்தேன். (எனக்குப் பிடித்தவளுக்காக நானும் கோட்டை வளைக்கிறேன் பாருங்கள்.) இரண்டையும் கிழித்துவிட்டேன்.

நடந்தது இதுதான். இருபத்துமூன்று ஓட்டில் ஜெயித்தாள். இரண்டு சந்திலும் வெடி. காத்தான் அவள் கழுத்தில் மாலை போட்டான். மாலையோடு அவள் மூன்றாவது சந்துக்கு ஓடினாள். அந்த வார்டில் பழைய கவுன்சிலரே நின்று, சுலபமாக ஜெயித்திருந்தார்.

ஜஹானாரா அவளைக் கட்டிக்கொண்டாள். பிறகு கேட்டாள்:

"சந்தோஷம்க்கா. நாலு நாளு நடந்து நானூறு கையெழுத்து நான்தான் வாங்கினேன். உங்களுக்கு ஒரு ஓட்டுப் போட முடியல. இனி தண்ணிக்கு நான் யார்கிட்டக்கா போய்க் கேக்கறது?"

லூர்துராணி சொல்ல மூன்று பதில்கள் எழுதிப் பார்த்தேன். 'அடுத்த தடவை...' என்று ஒன்று. 'நான் இருக்கேன்ல...' என்று ஒன்று. மூன்றாவதை உங்களிடம் காட்டவே வெட்கம்.

ஜஹானாரா இன்னும் வாசலில்தான் நிற்கிறாள். நீங்கள் எந்த வார்டாக இருந்தாலும் சரி, அவளுக்கு ஒரு பதில் சொல்லுங்கள்.